அப்பாவின் கைக்கடிகாரமும் சீனத்துக் கஷாயமும்

கேள்வி:

ஐயா, எங்கள் அப்பாவுக்கு 63 வயது. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். போன வருடம் இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்து, இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்தார்கள். இப்போது மட்டக்களப்பில் கீமோ நடக்கிறது. 64 கிலோ இருந்தவர் ஐந்து மாதத்தில் 53 கிலோவாகிவிட்டார். கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. அம்மா ஊட்டி ஊட்டிக் களைத்து, "நீங்கள் வேணுமெண்டே சாப்பிடாமல் கிடக்கிறியள்" என்று அழுகிறா. மலேசியாவில் இருக்கும் சித்தப்பா அங்குள்ள சீன மருந்துக் கடையில் வாங்கி இரண்டு பொதி அனுப்பியிருக்கிறார். ஒன்றில் கஷாயச் சரக்கு, மற்றதில் கறுப்பு உருண்டைகள். கரைந்த தசை திரும்பி வருமாம், எலிகளில் நிரூபித்திருக்கிறார்கள் என்று கடைத் துண்டிலும் இருக்கிறதாம். மருந்து எடுக்கும் நாட்களில் மீன், முட்டை ஆகாதாம். டொக்டர் ஏசுவார், சொல்லாமல் கொடுங்கள் என்கிறார். பொதிகளின் படமும், அப்பாவின் மருந்துத்துண்டின் படமும் அனுப்பியிருக்கிறேன். கொடுக்கலாமா? இன்னொன்று, அப்பா சுறாப்புட்டு கேட்கிறார். அதைக் கொடுக்கலாமா?

– மகள், உப்புவெளி, திருகோணமலை

பதில்:

மகள், பொதியைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி ஒன்று சொல்லுங்கள். அப்பா மெலிவது அவவின் சமையலால் இல்லை. அப்பாவின் பிடிவாதத்தாலும் இல்லை.

பட்டினி கிடக்கிறவனின் உடம்பு கெட்டித்தனமானது. கொழுப்பை முதலில் எரித்து, தசையைக் கடைசிவரை பொத்திப் பொத்தி வைக்கும். நல்லாகச் சாப்பிடத் தொடங்கினால் மெல்ல மெல்லத் தேறிவிடும். புற்றுநோயில் வரும் மெலிவு வேறு சாதி. கட்டியும், அதை எதிர்த்து நிற்கும் எங்கள் உடம்பும் சேர்ந்து இரத்தத்தில் சில பொருட்களைக் கொட்டுகின்றன. அவை மூளைக்குப் போய்ப் பசியை அணைக்கின்றன. தசைக்குப் போய், உள்ளே இருக்கும் புரதத்தை அறுத்துத் தள்ளும் வேலையை முடுக்கிவிடுகின்றன. கட்டியைக் கரைக்கும் பொருள் ஒன்றை விஞ்ஞானிகளில் ஒரு கூட்டம் தேடியது. உடம்பை உருக்கும் பொருள் ஒன்றை இன்னொரு கூட்டம் தேடியது. இரண்டும் ஒரே பொருள்தான் என்று 1985இல் தெரியவந்தது. வேண்டியதும் வேண்டாததும் ஒரே கையால் நடக்கிறது என்பதால்தான் இந்த நோய் இவ்வளவு பொல்லாதது.

64இல் 11 போனால் நூற்றுக்கு 17. ஆறு மாதத்தில் நூற்றுக்கு 5 குறைந்தாலே இதைத் தனி நோயாகக் கணக்கெடுக்க வேண்டும் என்று 2011இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வகுத்தார்கள். சாப்பாட்டால் மட்டும் இதை முழுதாகத் திருப்ப முடியாது என்பதையும் அதே வரைவிலக்கணத்துக்குள் எழுதிவைத்தார்கள். அந்த ஒரு வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். மனுசி கொஞ்சம் நித்திரை கொள்ளட்டும்.

இனிப் பொதி. நான் 31 வருடம் அரச வைத்தியசாலைகளில் மருந்தாளராக இருந்தவன். மருந்து என்று எதைக் கண்டாலும் லேபிளைத்தான் முதலில் பார்ப்பேன். நீங்கள் அனுப்பிய முதல் படத்தில் சீன எழுத்துக்குக் கீழே ஆங்கில எழுத்தில் எட்டுப் பெயர் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ரென் ஷென், பாய் சூ, ஃபூ லிங், கான் சாவ், சென் பி, பான் சியா, கூடவே இஞ்சியும் சீன இலந்தையும். இது 'லியு ஜுன் சி தாங்'. ஆறு கனவான்களின் கஷாயம் என்று பொருள். கடைசி இரண்டும் கனவான்களுக்குத் துணைக்கு வந்தவர்கள்.

ரென் ஷென் என்பது ஜின்செங். கான் சாவ் எங்கள் அதிமதுரத்தின் இனம். சென் பி என்பது காயவைத்துப் பழசாக்கிய தோடம்பழத் தோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபூ லிங் பைன் மரத்தின் வேரில் விளையும் ஒரு காளான். பான் சியா கருணைக்கிழங்கின் குடும்பம். பச்சையாக வாயில் வைத்தால் நாக்கும் தொண்டையும் அரித்துக் கொட்டும். இஞ்சியோடு பக்குவப்படுத்தித்தான் எடுப்பார்கள். சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் எங்கள் பரியாரிமார் தொடமாட்டார்கள் அல்லவா, அதே சங்கதி. சீனத்துச் சரக்கு எங்களுக்குப் புதிதும் இல்லை. போர்த்துக்கேயர் காலத்தில் பரவிய சீனத்து வேர்தான் பறங்கிப்பட்டை என்று பெயர் மாறி, சித்த மருந்துக் கடைப் பெட்டிக்குள் இன்றைக்கும் இருக்கிறது.

ஆகவே இந்தக் கஷாயத்தை ஏமாற்று வித்தை என்று தூக்கி எறிய எனக்கு மனமில்லை. யப்பானில் இதையே தூளாக்கி 'ரிக்குன்ஷிதோ' என்ற பெயரில் மேலைமருத்துவம் படித்த டொக்டர்மாரே எழுதுகிறார்கள். வயிற்று மந்தம், பசியின்மை, கீமோவால் வரும் குமட்டல் ஆகியவற்றுக்கு. அது வேலை செய்யும் வழியையும் தேடியிருக்கிறார்கள். 1999இல் யப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த கிரெலின் என்ற ஹோர்மோன் ஒன்று உண்டு. பசியைக் கிளப்புவது அதுதான். இந்தக் கஷாயம் கிரெலினைக் கொஞ்சம் கூட்டிவிடுகிறது என்பது அவர்களின் முடிவு. மனிதரில் செய்த ஆய்வுகள் பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள். பசி கொஞ்சம் கூடியது, குமட்டல் கொஞ்சம் குறைந்தது என்ற அளவில் நிற்கின்றன.

இங்கேதான் அப்பாவின் விசயம் இடிக்கிறது. கிரெலினில் பெரும்பங்கு ஊறுவது இரைப்பையில். அப்பாவின் இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தாயிற்று. கிணற்றையே பாதி தூர்த்தபிறகு துலா எவ்வளவு நல்லதாக இருந்தென்ன?

சரி, பசி வந்துவிட்டது என்றே வைப்போம். பசி வேறு, தசை வேறு. கிரெலின் செய்யும் வேலையைச் செய்ய 'அனமோரெலின்' என்றொரு குளிசை செய்தார்கள். நுரையீரல் புற்றுநோய்க்காரருக்குக் கொடுத்த பெரிய ஆய்வுகளில் எடை ஏறியது, அளந்து பார்த்தால் தசையின் அளவும் ஏறியது. கையால் இறுக்கிப் பிடிக்கச் சொல்லி அளந்தபோது பலம் மட்டும் ஏறவில்லை. 2017இல் ஐரோப்பா அனுமதி மறுத்தது. யப்பான் பிறகு அனுமதித்தது. கோடிக்கணக்கில் கொட்டிச் செய்த குளிசைக்கே கதை இப்படி என்றால், கரைந்த தசையைக் கஷாயம் திருப்பித் தரும் என்று சித்தப்பாவுக்குச் சொன்ன கடைக்காரருக்கு நாக்கு நீளம்.

"எலிகளில் நிரூபித்திருக்கிறார்கள்" என்று அந்தக் கடைத் துண்டில் இருக்கிறதாம். பொய்யில்லை. சீன மூலிகைக் கலவைகள் பல, எலியின் தசை உருகுவதை மெதுவாக்கியிருக்கின்றன. ஆனால் அந்த எலிக்குக் கட்டியை ஊசியால் ஏற்றுகிறார்கள். இரண்டு மூன்று கிழமையில், அதன் உடம்புக்கு அது பூதம் மாதிரி வளர்கிறது. உங்கள் அப்பாவுக்கு வயது 63, பிரஷர் இருக்கிறது, கீமோ ஏறுகிறது. எலிக்கு இது ஒன்றும் இல்லை.

பிரஷர் என்றதும் மருந்துத்துண்டைத் திரும்பப் பார்த்தேன். சலம் போகவைக்கும் வகைக் குளிசை ஒன்று அதில் இருக்கிறது. அது உடம்பிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றும். கீமோவுக்குப் பிறகு வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தால் இன்னும் போகும். கஷாயத்தில் இருக்கும் அதிமதுரம் நாட்கணக்கில் உள்ளே போனால் அதுவும் பொட்டாசியத்தைக் குறைக்கும், பிரஷரையும் ஏற்றும். பொட்டாசியம் குறைந்தால் முதலில் தெரிவது என்ன தெரியுமா? கைகால் சோர்வு, தசைத் தளர்ச்சி. தசைக்கென்று வாங்கிய மருந்தாலேயே தசை விழும். இன்னும் குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். தடிமனுக்கு ஒரு துண்டு அதிமதுரத்தைச் சப்புகிறோமே என்று கேட்காதீர்கள். அது இரண்டு நாள், இது மாதக்கணக்கு. இரத்தம் கட்டியாகாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறவர் என்றால் ஜின்செங்கும் குழப்பம் செய்யும். அப்பாவின் துண்டில் அது இல்லை. நாளைக்கு எழுதினால் ஞாபகம் வைத்திருங்கள்.

கறுப்பு உருண்டைப் பொதியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அதில் பெயர் இல்லை, சரக்கு இல்லை, திகதி இல்லை. ஒரு புலியின் படம் மட்டும் இருக்கிறது.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. என் அக்காவின் புருசனுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். யாரோ ஒரு ஆள் வீடு தேடி வந்து 'சீன மருந்து' என்று ஒரு தூள் கொடுத்தான். மூன்று கிழமையில் அத்தானின் முகம் உருண்டு திரண்டது. பசி வந்தது. அக்கா கோணேசர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தா. நான் போன அன்று அத்தான் கதிரையிலிருந்து எழும்பப் பார்க்கிறார், கையிரண்டையும் ஊன்றியும் முடியவில்லை. சாரத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தேன். முகம் பூசணி, தொடை கோரைப்புல். சீனி 400ஐத் தாண்டியிருந்தது. அந்தத் தூளுக்குள் ஸ்டீரொயிட் கலந்திருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்டீரொயிட் பசியைத் தரும், முகத்தை ஊதவைக்கும், அதேநேரம் தொடைத் தசையைத் தின்னும். அதை டொக்டரே எழுதினால் அளவும் நாளும் பார்த்து எழுதுவார். தூள்காரனுக்கு அந்தக் கவலை இல்லை.

அமெரிக்காவில் இதைவிடப் பெரிதாக நடந்தது. 'பிசி ஸ்பெஸ்' என்று எட்டு மூலிகைக் கலவை ஒன்று, புரொஸ்டேட் புற்றுநோய்க்குச் சீன வைத்தியம் என்று விற்றார்கள். பலருக்கு வேலையும் செய்தது. 2002இல் சோதித்தால், உள்ளே செயற்கைப் பெண் ஹோர்மோனும் வார்ஃபரினும் இருந்தன. சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 90களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் மெலிவதற்கென்று சீன மூலிகைக் குளிசை விழுங்கிய நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதானது. 'ஃபாங் ஜி' என்று முடியும் இரண்டு சரக்கின் பெயர் ஒன்றையொன்று ஒத்திருந்ததால், ஒன்றுக்குப் பதில் மற்றது போய்விட்டது. போன சரக்கு எங்கள் ஆடுதின்னாப்பாளையின் இனம். அதனால் சீன மருந்தைத்தான் பழிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆடுதின்னாப்பாளைக்கும் அதே நஞ்சு உண்டு. எங்கள் வேலியில் முளைத்தால் மட்டும் அது குறைந்துவிடாது.

உண்மையில், இரண்டு பொதியையும்விட எனக்குப் பயம் தந்தது உங்கள் கடிதத்தில் இருந்த ஒரு வரி: மீன், முட்டை ஆகாது. மருந்து என்றால் பத்தியம் இருக்க வேண்டும் என்பது எங்கள் இரத்தத்தில் ஊறினது. ஜின்செங் எடுக்கும்போது முள்ளங்கி ஆகாது என்று சீனர்கள் சொல்வதுண்டு. அது மலேசியாவிலிருந்து உப்புவெளி வருவதற்குள் மீனாகி, முட்டையாகி நிற்கிறது போல. அப்பாவின் எடைக்கு ஒரு நாளைக்கு 65 முதல் 80 கிராம் வரை புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு. கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்த இரண்டையும் நிறுத்தினால் மிச்சம் என்ன? ரசமும் சோறும்தான். கஷாயம் கெடுதல் செய்யாவிட்டாலும் பத்தியம் செய்துவிடும்.

இனி டொக்டர். கிண்ணியாப் பாலம், மூதூர், வெருகல், வாகரை என்று அவ்வளவு தூரம் பஸ்ஸில் அப்பாவைக் கூட்டிப்போய், மூன்று மணித்தியாலம் வாங்கில் இருந்து, உள்ளே போனால் ஐந்து நிமிசம். அந்த ஐந்து நிமிசத்தில் ஏச்சு வாங்க யாருக்கும் விருப்பமில்லைதான். ஆனால் கீமோவின் அளவை அவர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறார். ஈரல் கணக்கு திடீரென்று ஏறினால், கீமோவாலா கஷாயத்தாலா என்று அவருக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பழி கீமோவில் விழும், நல்லாகப் போன மருந்தை நிறுத்திவிடுவார்கள். பொதியைச் சீலைப் பைக்குள் ஒளிக்காமல் மேசையில் வையுங்கள். "டொக்டர், சித்தப்பா இதை அனுப்பினவர். நாங்கள் இன்னும் குடுக்கேல்ல. உங்களிட்டக் கேட்டிட்டுத்தான்" என்று சொல்லுங்கள். இன்னும் கொடுக்கவில்லை என்பதை முதலில் சொன்னால் ஏச்சு பாதியாகக் குறையும். ஆறு கனவான்களை அவர் அனுமதித்தால், பொட்டாசியத்தை இடைக்கிடை பார்த்துக்கொண்டு, பசிக்கான மருந்து என்ற அளவில் கொடுக்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், பெரிய நட்டமில்லை. கறுப்பு உருண்டையை அவர் அனுமதித்தாலும் நான் அனுமதிக்கமாட்டேன்.

மேசைக்கு இன்னொன்றும் கொண்டுபோங்கள். ஒரு கொப்பியில் ஒவ்வொரு ஞாயிறும் காலையில், சாப்பிட முன், அதே தராசில் எடுத்த எடை. பக்கத்தில், வாயில் புண், வெள்ளை படிதல், மலச்சிக்கல், நோவு, குமட்டல், எண்ணெய் மிதக்கிற மலம் என்று அந்தக் கிழமையில் இருந்ததெல்லாம். இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து உண்டு. வாயில் வெள்ளை படிந்து விழுங்க முடியாமல் இருந்த மனுசனை "பிடிவாதம்" என்று திட்டிய வீடுகள் எனக்குத் தெரியும். கொப்பியைக் கொடுத்துவிட்டு, "பசிக்கு ஒலன்சபின் சரிவருமா, டொக்டர்?" என்று கேளுங்கள்.

இந்தப் பெயரை நான் சும்மா சொல்லவில்லை. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில், இரைப்பை, ஈரல், கணையம், நுரையீரல் புற்றுநோய் இருந்த 124 பேரை இரண்டாகப் பிரித்து, கீமோவோடு ஒரு பகுதிக்கு இந்தக் குளிசையை 12 கிழமை கொடுத்தார்கள். நாளைக்கு 2.5 மில்லிகிராம். மற்றவர்களுக்கு வெற்றுக் குளிசை. எடை நூற்றுக்கு 5க்கு மேல் கூடியவர்கள், மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 60 பேர், எடுக்காதவர்களில் நூற்றுக்கு 9 பேர். 2023இல் அந்த ஆய்வு வெளிவந்தது, அதே வருடம் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் இதைத் தன் வழிகாட்டலில் சேர்த்துக்கொண்டது. மன நோய்க்குக் கொடுக்கும் குளிசைதான் இது. ஃபார்மசியில் யாராவது "இது விசர் மருந்தல்லோ" என்று சொன்னால் பயந்துவிடாதீர்கள், அளவு வேறு. நித்திரை தூக்கும், சீனி பார்க்க வேண்டும். டொக்டர் எழுதாமல் வாங்கவே கூடாது. இதுவும் தசையைச் செய்து தரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பசிக்கு ஒரு மருந்து வேண்டும் என்றால் சித்தப்பாவின் பொதிக்கு முன்னால் வரிசையில் நிற்பது இது.

வீட்டில் செய்ய வேண்டியது சின்னது. இரைப்பை சிறுத்தவருக்கு மூன்று வேளைக் கோப்பை மலை மாதிரித் தெரியும். அதைத் தூக்கி வைத்துவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் தேத்தண்ணிப் பீரிசில் வைக்கிற அளவு கொடுங்கள். தண்ணியும் தேத்தண்ணியும் சாப்பாட்டோடு வேண்டாம், அரை மணித்தியாலம் தள்ளி. அவித்த முட்டையில் பாதி, தம்பலகாமத்து எருமைத்தயிரில் நாலு கரண்டி, முள் எடுத்த மீன், உழுத்தம்மாக் களி, பயற்றங்கஞ்சி. கஞ்சிக்குள் முட்டையை அடித்து ஊற்றினால் அவருக்குத் தெரியவும் தெரியாது. காலையில் பசி கூட என்றால் நல்ல சாப்பாடு காலையில் போகட்டும். பிறகு, ஒரு கதிரையில் இருந்து எழும்பி இருக்கச் சொல்லுங்கள். ஐந்து தரம், ஒரு நாளைக்கு இரண்டு முறை. முடிந்தால் படலை வரை நடை. அசையாத தசைக்கு எந்தப் புரதமும் ஒட்டாது. முடியாத நாளில் விட்டுவிடுங்கள். வேண்டாம் என்று தலையைத் திருப்பினால் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். வற்புறுத்தினால் சாப்பாட்டு நேரத்தைக் கண்டாலே அவருக்குக் குமட்டும்.

சித்தப்பாவோடு கோபிக்காதீர்கள். தூர இருக்கிறவர்களால் கட்டில் பக்கத்தில் இருக்க முடியாது, பார்சல்தான் அனுப்ப முடியும். அடுத்தமுறை பால்மாவோ, டொக்டர் சொல்லும் புரதமாவோ அனுப்பச் சொல்லுங்கள். ஆசை தீர அனுப்பட்டும்.

சுறாப்புட்டுக்கு ஏன் அனுமதி கேட்கிறீர்கள்? பால்சுறா நல்ல புரதம், உதிர்த்து எடுப்பதால் மெல்லவும் சுகம். வாயில் புண் இருந்தால் பச்சைமிளகாயைக் குறைத்து, வெங்காயத்தைக் கூட வதக்கச் சொல்லுங்கள். தேங்காய்ப்பூ கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். பெரிய கோப்பையில் வேண்டாம், அந்தத் தேத்தண்ணிப் பீரிசில் இரண்டு கரண்டி. அம்மாவும் தன் கோப்பையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்து சாப்பிடட்டும். அவவும் கன நாளாக ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கமாட்டா.